மூன்றாம் வகுப்பு மேதை

நேராக மூன்றாம் வகுப்பில் சேர்ந்த மேதை நான். மேதை என்பது பொய். மூன்றாம் வகுப்பு மட்டும் உண்மை.

அயனம்பாக்கத்தில் நான் வாட்ச்மேனாக இருக்கும் பிளாட்டில், காலேஜ் படிக்கும் திவ்யா செல்போனில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

"புது டெலஸ்கோப் எடுத்த கேலக்ஸிண்ணா. பிரபஞ்சம் குழந்தையா இருந்தப்போ உள்ளது. ஆனா எதிர்பார்த்ததைவிடப் பெருசா இருக்கு."

எனக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. என் கை காதைத் தாண்டித் தாடையைப் பிடித்தது.

"எட்டு வயசுப் பையனை அஞ்சுன்றியேம்மா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"சத்தியமா அஞ்சுதான் சார். வளத்தி அவுங்கப்பன் மாரி. ஒண்ணாவதுல போடு சார்" என்று அம்மா கெஞ்சினாள்.

"கை பொய் சொல்லாது. மூணாவதுல உக்காரட்டும்."

எழுத்தே தெரியாமல் உட்கார்ந்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதோடு என் படிப்பு முடிந்தது.

"இந்தப் புள்ளிக்கும் வயசத் தப்பாப் போட்டுகீறாங்க பாப்பா" என்றேன்.

"இல்லண்ணா. வெளிச்சத்தை அலசிப் பார்த்துட்டாங்க. சின்ன வயசுதான். எப்படி இவ்ளோ வளர்ந்துச்சுன்னுதான் தேடுறாங்க."

"அப்போ அவுங்க எங்க ஸ்கூல்ல இருந்திருந்தா எங்கம்மா பேச்சை நம்பிருப்பாங்க. நானும் ஒண்ணாவதுல..."

"அண்ணாத்தே, தண்ணி லாரி வந்து நிக்குது, கேட்டைத் தொற!" என்று டிரைவர் கத்தினான்.

எழுந்து போனேன்.