அந்த எலி நான்தான்

எங்கள் காரின் வயர்களைக் கடித்த எலி நான்தான்.

சிரிக்காதீர்கள்! அலங்காரமாகச் சொல்லவில்லை. நகவெட்டியை எடுத்துக்கொண்டு, காரின் முன்புறம் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வயராகக் கடித்தேன். எலி எப்படிக் கடிக்கும் என்று கைப்பேசியில் படம் பார்த்து, அதே மாதிரி சாய்த்துச் சாய்த்துக் கடித்தேன். உண்மையான எலி ஒன்று அந்த வேலைப்பாட்டைப் பார்த்திருந்தால் என்னைத் தன் சொந்தக்காரன் என்றே நம்பியிருக்கும்!

எலி மேல் பழி போட்டால் யாருக்கு நஷ்டம் என்றுதான் நினைத்தேன். அந்தப் பழி சுவர் ஏறி, மாடி ஏறி, ஸ்டெல்லா ஆன்ட்டியின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை இறங்கவில்லை.

சொல்கிறேன்... முதலிலிருந்து சொல்கிறேன்.

ஜோகுபாளையத்தில் இருப்பது என் மாமனாரின் வீடு. கீழே அவரும், என் மனைவி சுதாவும், நானும். மாடியில் வாடகைக்கு ஸ்டெல்லா ஆன்ட்டி. கணவர் காலமாகிவிட்டார், மகள் கனடாவில். வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு கார் நுழையும் சந்து. அந்தச் சந்தில், தார்ப்பாய் போர்த்தியபடி, மாமனாரின் பழைய வெள்ளைக் கார். வெள்ளை என்பது மரியாதைக்காகச் சொல்வது. பாதிக்கு மேல் துரு!

அதைப் பழைய இரும்புக் கடைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் குஜிரிக்கு, போட்டுவிடலாம் என்று மாமனார் ஒருநாள் காபி குடித்துக்கொண்டே அறிவித்தார். சுதா டம்ளரை வைத்துவிட்டு வெளியே போய், தார்ப்பாயைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள். அந்தக் காரில்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள்.

அந்த நொடியில் எனக்குள் ஒரு வீரன் விழித்துக்கொண்டான்.

"நான் சரி பண்றேன் மாமா! வீட்லயே. ஆயுத பூஜைக்கு வண்டி ஓடும்!"

என் உத்தியோகத்தில் திருகாணி என்பதே கிடையாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாளெல்லாம் திரையைப் பார்த்துத் தட்டுகிறவன். அதுவரை நான் பழுது பார்த்த ஒரே இயந்திரம் சுதாவின் மிக்ஸி. அதற்குப் பிறகு அவள் புது மிக்ஸி வாங்கினாள்.

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எந்த விண்ணப்பத்தையும் உடனே ஏற்றுப் பழக்கமில்லாதவர். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"துரு சுரண்டுங்க, பெயின்ட் அடிங்க, என்ன வேணா பண்ணுங்க மாப்ளே. வயரிங்ல மட்டும் கை வெக்கக் கூடாது. வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வண்டி குஜிரிக்கு!"

சொல்லிவிட்டுக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். "பேடா, பேடா... நம்ம அளியனே ரிப்பேரி மாட்தாரந்தே!" மருமகனே ரிப்பேர் செய்கிறாராம், வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னார். எதிர்முனையில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனால் அந்த வாரங்கள்! ஐயோ, அந்தச் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! உப்புத்தாளைத் தேய்க்கத் தேய்க்க, துருவின் அடியிலிருந்து பளிச்சென்று இரும்பு எட்டிப் பார்க்கும் அந்தக் கணம் இருக்கிறதே... நீங்கள் ஒருமுறையாவது தேய்த்துப் பார்க்க வேண்டும். கதவில் விழுந்திருந்த ஓட்டைக்குத் தகரம் வைத்துப் பட்டி பூசினேன். பார்க்க அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. நான் அதைத் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, சிற்பி மாதிரி ரசித்தேன்! கார்புரேட்டரைப் பிரித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் பெட்ரோல் விட்டுக் கழுவினேன். மறுபடி மாட்டியதும் ஒரு ஸ்பிரிங் மிச்சமாக இருந்தது. மறுபடி பிரித்தேன். இரண்டு மிச்சமாயின!

இத்தனைக்கும் எனக்கு ரசிகர்கள் இருந்தார்கள். மதில் சுவரின் மேல் அணில்கள். தினமும் காலையில் ஸ்டெல்லா ஆன்ட்டி மாடியிலிருந்து இறங்கி வந்து, சுவரின் மேல் பொரியும் நிலக்கடலையும் வைப்பார். வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எல்லா அணிலும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அவருக்கு எது அகஸ்டின், எது ரோசி, எதற்கு வால் நுனி அறுந்தது என்றெல்லாம் தெரியும். மகளிடம் வீடியோவில் பேசும்போதுகூட கைப்பேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, "பாரு, இன்னைக்கு அகஸ்டின் லேட்டு!" என்பார்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அழித்தது இதைத்தான்.

ஆயுத பூஜை நெருங்கியது. வண்டி கிட்டத்தட்டத் தயார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... நிறுத்தினேனா? பழைய சாமான் சந்தையில் ஒரு ஹார்னைப் பார்த்துத் தொலைத்தேன்! வெளியூர் பஸ்களில் இருக்குமே, இரட்டைக் குழல், அடித்தால் தெருவே திரும்பும்... அது. அதை மாட்டாவிட்டால் பிறவிப் பயன் இல்லை என்று தோன்றிவிட்டது.

ஹார்ன் மாட்ட வேண்டுமானால் வயரில் கை வைக்க வேண்டும். மாமனாரும் சுதாவும் தொம்மலூரில் ஒரு கல்யாணத்துக்கும், ஸ்டெல்லா ஆன்ட்டி சர்ச்சுக்கும் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வைத்தேன்.

அழுத்தினால் ஃபியூஸ் போயிற்று. புது ஃபியூஸ் போட்டேன். அதுவும் போயிற்று. கையில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. ஃபியூஸ் என்பது வண்டி நம்மிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் பாஷை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் சட்டைப் பையில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் இருந்தது. அதை உருட்டி, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் திணித்தேன்.

அழுத்தினேன். ஆஹா! அப்படி ஒரு முழக்கம்! அல்சூர் ஏரியில் இருந்த கொக்குகள் எழும்பியிருக்கும்! நான் இன்னொருமுறை அழுத்தினேன். இன்னும் ஒருமுறை... நீளமாக...

அப்புறம் புகை.

அலறியடித்துக்கொண்டு பேட்டரியைக் கழற்றினேன். நல்லவேளை, தீ இல்லை. ஆனால் வயர்க் கட்டு முழுக்க உருகி, பனைவெல்லப் பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஹார்னையும் வெள்ளித்தாளையும் நான் ஒளித்துவைத்த நேரம், கேட் திறக்கும் சத்தம்.

"என்ன மாப்ளே, ஏதோ கருகின வாசன வருது?" பட்டு வேட்டியோடு மாமனார் நின்றார். பின்னால் சுதா, கையில் தாம்பூலப் பை, கண்கள் என் முகத்தில்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த ஒரு மூச்சில் என் நாக்கு என்னைக் கேட்காமலே பேசிவிட்டது.

"எலி மாமா! எலி வயரக் கடிச்சிருக்கு. ஷார்ட் ஆயிடுச்சு!"

சொன்னால் போதுமா? மாமனார் சும்மா நம்புகிறவர் அல்ல. வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்று உள்ளே போனார். புடவை மாற்றச் சுதாவும் போனாள். அந்த இடைவெளியில்தான் நகவெட்டி. அதோடு நின்றேனா? அடுப்படிக்கு ஓடி, கருஞ்சீரகத்தை ஒரு சிட்டிகை எடுத்து நனைத்து, பேட்டரி அடியில் தூவினேன். எலிப் புழுக்கை! மாமனார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்து, "சுண்டெலி" என்று தீர்ப்பளித்தார். எனக்கு உள்ளுக்குள் எப்படிப் பொங்கிற்று தெரியுமா? பயமா? இல்லை... பெருமை! வெட்கங்கெட்ட பெருமை!

அந்தப் பெருமை அடுத்த கேள்வி வரைதான்.

"எலி ஏன் வந்துச்சு?" என்றார் மாமனார். நிமிர்ந்தார். மதில் சுவரைப் பார்த்தார். அங்கே காலையில் வைத்த பொரி மிச்சமிருந்தது.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறந்தேன். "சேச்சே, பொரியாலயா இருக்கும்..." என்றேன். அவ்வளவுதான் என் வீரம். மாமனார் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

அவர் கத்தவில்லை. மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். சற்று நேரத்தில், சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஸ்டெல்லா ஆன்ட்டியே இறங்கி வந்தார். உருகிய வயரைப் பார்த்தார். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு ஒரு துணியை எடுத்து, சுவரின் மேலிருந்த பொரியை ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்தார்.

"தம்பி, எவ்ளோ ஆசையா பண்ணீங்க... நா மேலருந்து பாத்துனே இருப்பேன். என்னால பாழாப் போச்சே!"

"ஐயோ ஆன்ட்டி, அப்படியெல்லாம் இல்ல..."

"சும்னே சமாதானம் சொல்லாதீங்க. இனிமே ஒரு பருக்க வெக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்!"

இதோடு விட்டிருந்தால்கூட நான் எப்படியாவது மறந்து தொலைத்திருப்பேன். மறுநாள் அவர் ஒரு பச்சை இரும்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய ஸ்பானர்கள், கட்டிங் பிளேயர்கள், திருப்புளிகள், எல்லாம் எண்ணெய் தடவி, பழைய புடவைத் துணியில் சுற்றியிருந்தன.

"எங்க வூட்டுக்காரரோடது. யாருக்கும் குடுத்ததில்ல. நஷ்டத்துக்கு வேற என்னத்த குடுப்பேன்? இதுல செய்ங்க."

வாங்கினேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சொல்லியிருப்பீர்கள்... ஆமாம், நிச்சயம் சொல்லியிருப்பீர்கள். நான் வாங்கினேன். என் கையில் இருந்ததோ மழுங்கிய ஸ்பானர். அந்தப் பெட்டி திறந்தபோது என் கண்கள் மின்னின என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்!

வேடிக்கையைக் கேளுங்கள். "எலி செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாப்ளே? வயரிங்கயும் நீங்களே பாத்துக்கோங்க" என்று மாமனார் தடையை நீக்கிவிட்டார்! பொய் சொன்னதற்குப் பதவி உயர்வு! குஜிரிக்கே போய், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய முழு வயர்க் கட்டு ஒன்றை வாங்கி வந்தேன். எது எதோடு சேரும் என்று குழம்பாமலிருக்க, ஜோடி ஜோடியாகச் சுதாவின் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினேன். சிவப்புப் பொட்டுக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. இந்த முறை ஒழுங்கான ஃபியூஸ்கள். ஹார்னுக்குத் தனி வயர், தனி ரிலே. என் வண்டி ஒரு கல்யாணப் பெண் மாதிரி பொட்டு வைத்துக்கொண்டு நின்றது!

சுதா மட்டும் ஒருநாள் அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஏங்க, கருஞ்சீரகம் டப்பா ஏன் தொறந்து கெடக்கு?" நான் இருமினேன். நெடுநேரம் இருமினேன்.

ஆயுத பூஜை அன்று சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்... ஒரு தும்மல்... பிடித்துக்கொண்டது! வண்டி உயிரோடு நடுங்கியது! சுதா கத்தினாள். மாமனார் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முகப்பில் சாமந்தி மாலை, தெருவில் உடைத்த பூசணிக்காய்... டாஷ்போர்டில் எங்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா ஆன்ட்டி வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை ஒட்டினார்.

நால்வருமாக அல்சூர் ஏரியைச் சுற்றி வந்தோம். ஆன்ட்டி பின்சீட்டில், ஜன்னல் ஓரம், சின்னப் பெண் மாதிரி. நான் ராஜாவாக ஓட்டினேன். சந்தோஷத்தில் தைரியம் வந்தது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி... அந்த எலி இருக்கே..."

"எலிய விடுங்க தம்பி," என்றார் அவசரமாக. "வாயில்லா ஜீவன். அதுக்கு என்ன தெரியும்? அதுக்காக நா மன்னிப்பு கேக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

எலிக்காக என்னிடம் மன்னிப்பு! எனக்கு வாய் இருந்தது. கியரை மாற்றினேன்.

அணில்கள் இன்னும் வருகின்றன. சுவரின் மேல் பின்னங்கால்களில் எழுந்து நின்று மாடியைப் பார்க்கின்றன. பரிகாரமாக நானே ஒருநாள் கைப்பிடி கடலை வைத்துப் பார்த்தேன். ஆன்ட்டி மேலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து துடைத்துப் போட்டார். "உங்களுக்குப் பைத்தியமா தம்பி? மறுபடியும் வயரு போயிடும்!" இப்போது என் வண்டிக்குக் காவல் அவர்தான். கையில் ஒரு குச்சியோடு, பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே அணில்களை, அதே இடத்தில் நின்று விரட்டுகிறார். மகளோடு பேசும்போது கைப்பேசி சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? குஜிரிக்குப் பயந்தா? வண்டிதான் ஓடுகிறதே! மாமனாருக்குப் பயந்தா? அவர் இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதானே! அந்தப் பச்சைப் பெட்டியை ஆன்ட்டி திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயமா... இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. தோன்றி, கை நிற்கிறது.

இன்று காலை அலுவலகம் கிளம்ப வண்டியில் ஏறினேன். சுவரின் மேல் வால் நுனி அறுந்த அணில் ஒன்று. ஆன்ட்டி குச்சியைத் தட்டினார். அது நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கை கீழே இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, என்னால முடில. உங்களோட அந்தப் பெரிய ஹார்ன ஒரு தபா அடிங்க. ஓடிடும்."

அடித்தேன்.