வெட்டாமல் விட்ட வரி

எங்கள் ஊர் முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம். பஸ் திரும்புகிற முக்கில், கருவேலங்காட்டை ஒட்டி ஒரு கல்தூண் நின்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் செத்தவர்களுக்காக அவர்களுடைய ரெஜிமெண்ட் வைத்தது. நாங்கள் பட்டாளத்துக் கல் என்போம். பொங்கலுக்குக் கோயில் சுவருக்கு அடித்த சுண்ணாம்பில் மிச்சத்தைக் கொண்டுவந்து அதன்மேல் பூசுவார்கள். மரியாதைக்குத்தான். பூசிப் பூசிப் பெயரெல்லாம் உள்ளே போய்விட்டது. எங்கள் ஆடுகள் அதில்தான் முதுகு சொறியும். அந்த ஆடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஆடு மேய்க்க வந்த வருசம், அதே ரெஜிமெண்டிலிருந்து ஒரு சுபேதாரும் கல்தச்சர்களும் தூணைப் பழுதுபார்க்க வந்தார்கள். சுபேதார் சிவகங்கைப் பக்கத்துக்காரர். விரிசலில் எங்கள் கொத்தனார் அடைத்திருந்த சிமெண்டைக் கொத்தி எடுக்கச் சொன்னார். அது ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக் கல்லை உரிக்குமாம். பழைய வெள்ளையை மூங்கில் சிராயால் சுரண்டச் சுரண்ட எழுத்து வெளியே வந்தது. ஊரே வேலையைப் போட்டுவிட்டு அங்கே நின்றது.

அடியில் இடம் மிச்சமிருந்தது. பிந்திய சண்டைகளில் போனவர்கள் பெயரையும் அதில் வெட்டலாம் என்றார்கள். எங்கள் அத்தையைக் கட்டிய மாமா அதே ரெஜிமெண்ட். வங்காளதேசச் சண்டையில் காணாமல் போனவர், உடம்பு வரவில்லை. அத்தை தாலியும் பொட்டுமாக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு அண்ணனான எங்கள் அய்யா, அவளைக் கேட்காமலே மாமா பெயரைக் கொடுத்துவிட்டார்.

நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள், உள்ளே போனாள், மறுபடி வந்தாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல் நடந்தாள். தச்சர் மாமா பெயரைக் கரிக்கட்டியால் எழுதி, உளியை வைக்கப்போன நேரம்.

"அவுக உடம்ப நீங்க பாத்தீகளா?" என்று சுபேதாரிடம் கேட்டாள்.

அவர் இல்லை என்றார்.

"பொறகு எப்பிடிக் கல்லுல வெட்டுவீக?"

அய்யாவுக்குக் கூட்டத்துக்கு முன்னால் கூச்சம். "ஏத்தா, ஊருக்கே பெருமை. வீட்டுக்குப் போ."

"பெருமைய நீ வச்சுக்கண்ணே. எனக்கு ஆளு வேணும்."

சுபேதார் சைகை காட்டினார். தச்சர் ஈரத்துணியால் கரியைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது. மாமா பெயர் கல்லில் வரப்போகிறது என்று மேய்ச்சல்காட்டுப் பையன்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். சாயங்காலமே ஒருத்தன், "ஏலே, ஒங்க மாமா பேரு கல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிருச்சாடா?" என்றான். அன்றைக்கு நான் அத்தையோடு பேசவே இல்லை.

மறுநாள் காலை திறப்பு. பெயர் இருக்கிற வீட்டுக்காரர்கள் மாலை போட வேண்டும். அய்யா முதல்நாளே வாங்கிவைத்திருந்த மல்லிகை மாலை வீட்டில் கிடந்தது. அத்தை தலைகுளித்து வந்து, அதை எடுத்து நாரை அறுத்தாள். ஒரு பாதியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அப்படியே போய்த் தூணுக்கு எதிரே, முன்வரிசையில் நின்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் கொஞ்சம் விலகினார்கள். அய்யா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மாலையை இப்படிப் பாழாக்கிவிட்டாளே என்றிருந்தது எனக்கு.

சுபேதார் தாளைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் பெயருக்கு வந்ததும் நிமிர்ந்து அத்தையை, அவள் தலைப்பூவைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவர்மேலும் எனக்கு ஒரே கோபம். இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது, பட்டாளத்துக்காரருக்கு அதைக்கூட ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லையே என்று.