பிளாட்பாரத்தில் இரண்டு டீசல் இன்ஜின்

போன சனிக்கிழமை காலை நாமக்கல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள்: கொல்லிமலைச் செம்மேட்டில் மிளகு வியாபாரம் பார்க்கும் என் மச்சான் செல்வம், அவர் மனைவி மல்லிகா அக்கா, தாலுகா ஆபீஸ் சர்வேயர் ஜெபராஜ் சார், நான். வராதது: ரயில்.

நாங்கள் எங்கேயும் போவதற்காக வரவில்லை. ரயில் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு.

ஜெபராஜ் சாருக்கு அரக்கோணம் பக்கம். அப்பா ரயில்வேக்காரர். கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது சார் கொண்டுவந்த சாமான்களில் ஒரு ஜாண் நீளத்தில் ஒரு டீசல் இன்ஜினும் இருந்தது. பொம்மை என்றால் கோபித்துக்கொள்வார் — மாடல். முன்னால் ஓட்டினால் முன்விளக்கு எரியும். பின்னால் ஓட்டினால் அது அணைந்து சிவப்பு எரியும். டிரைவர் கேபினுக்குள்கூட ஒரு குட்டி வெளிச்சம்.

அதைப் பார்த்த மச்சானுக்குத் தூக்கம் போனது. போட்டிக் கம்பெனியின் இன்ஜின் ஒன்றை வரவழைத்துவிட்டார். விலை இருபத்தெட்டாயிரம். ஒழுகுகிற கூரைக்குப் புதுத் தகரம் போட மல்லிகா அக்கா ஒதுக்கி வைத்திருந்த மிளகுப் பணம் அது.

அதற்கப்புறம் தினமும் பஞ்சாயத்துதான்.

"சார், உங்க லைட்டு டியூப்லைட்டாட்டம் வெள்ளையா இருக்குதுங்க. நம்முளது பாருங்க, மஞ்சளா, எஞ்சினாட்டமே."

"உன்னுது ஸ்டார்ட் ஆகும்போது ரைஸ்மில் மாதிரி இருக்குய்யா. என்னுதுல பிரேக் போட்டா காத்து விடுற சத்தம் கேளு... புஸ்ஸுனு."

"பஞ்சரு ஆனாப்பல இருக்குதுங்க."

தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். உர மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் நான்தான் நடுவர். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டேன். ஒன்று லாரி மாதிரி இருந்தது. இன்னொன்றும் லாரி மாதிரிதான் இருந்தது. மலையில் வளர்ந்தவனுக்குக் கனமான வண்டி என்றாலே லாரிதானே? உள்ளதைச் சொன்னேன். இரண்டு பேரும் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

கடைசியில் மச்சானிடம் வழி சொன்னது அக்காதான்.

"ஏனுங்க, பேசிக்கிட்டே இருந்தா ஆச்சா? கீழ போயி நெச ரயிலுகிட்ட வெச்சுப் பாத்துப்போடலாம். உங்களுது செயிச்சா ஊட்டுல இருக்கட்டும். தோத்துச்சுன்னா அப்புடியே கொரியர்ல திருப்பி அனுப்பிப்போட்டுத் தகரம் வாங்கியாரலாம்."

திருப்பி அனுப்ப சனிக்கிழமைதான் கடைசி நாள். மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் அக்கா மடியில், பெரிய எவர்சில்வர் தூக்குப்போசிக்குள், துண்டு சுற்றிக்கொண்டு இரண்டு இன்ஜின்களும் இறங்கின.

ரயில் லேட். ஜெபராஜ் சார் டீ வாங்கப் போனார். மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்ஜின்களை வெளியே எடுத்துவிட்டுப் போசியைக் கவிழ்த்தார். மேலே இன்ஜினோடு வந்த ஒரு முழம் தண்டவாளம், அதன்மேல் தன் இன்ஜின். பேட்டரியை மாட்டி ஹாரனை அமுக்கினார்.

ப்பாஆஆம்!

போசி அதை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. பிளாட்பாரமே எழுந்தது. ஒரு அம்மா மூட்டையைத் தலைக்கு ஏற்றினார். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து செருப்பைத் தேடினார். நாலு டீயோடு ஓடி வந்தார் ஜெபராஜ் சார் — பாதி டீ சட்டையில்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! இன்ஜினை வெளிய எடுங்கய்யா!"

அக்கா அவரைப் பார்த்தார். போசியைப் பார்த்தார். "சார்... வந்தது எங்களுதுங்க."

"அது போசி சத்தம்மா! அழுகுணி ஆட்டம்!"

"போசி சத்தத்துக்கா இப்புடி ஓடியாந்தீங்க?"

நிஜ ரயில் அப்புறம் வந்தது. உறுமல் இல்லை, உதறல் இல்லை, புகை இல்லை. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவதுபோல ஒரு முனகல். அவ்வளவுதான்.

"ஏனுங்க சார், எஞ்சினு ஓடுதுங்களா, இல்ல சும்மா உருண்டு வருதுங்களா?" என்றார் அக்கா.

"கரண்ட் இன்ஜின்மா..." சாரின் குரல் இறங்கியது. "இந்த லைனையும் மாத்திட்டாங்க போல." மலைக்கு வந்ததிலிருந்து அவர் ஊருக்குப் போவதே பஸ்ஸில்தான்.

முன்விளக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளை. "லைட்டு எனக்கு" என்றார் ஜெபராஜ் சார். மச்சான் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டுக் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று எனக்கும் தெரியும். தீர்ப்பை அக்காவிடமே விட்டுவிட்டேன்.

பெஞ்சுக்காரர் மறுபடி தூங்கிப்போயிருந்தார். நிஜ ரயில் வந்து, நின்று, போயும் விட்டது. அவர் அசையவில்லை. அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நெச ரயிலுக்கு எந்திரிக்காத மனுசன் உங்களுதுக்கு எந்திரிச்சாரு. வெச்சுக்குங்க. தகரம் அடுத்த மொளகுக்குப் பாத்துக்கலாம்."

'நிஜம் மாதிரியே இருக்கு' என்று சொல்கிறோமே... நம் நினைப்பில் இருக்கிற மாதிரி இருக்கு என்பதைத்தானே அப்படிச் சொல்கிறோம்? நிஜம் அதற்குள் இன்ஜினை மாற்றிக்கொண்டு போய்விடுகிறது.

இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்தார். "ஹாரன் அடிச்சது யாருங்க?" நாலு பேரும் போசியைக் காட்டினோம். சிரித்துவிட்டார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே பிளாட்பார டிக்கெட் கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்பதற்கு யாராவது டிக்கெட் கேட்டதுண்டா? அப்படி ஒன்று இருப்பதே எங்கள் மூவருக்கும் தெரியாது — படித்த என்னையும் சேர்த்துத்தான். ஜெபராஜ் சாருக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து வாங்கியதில்லை.

"எங்கப்பா ரயில்வேங்க" என்றார்.

"அப்பா வந்திருக்காருங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நாலு பேருக்கும் போட்டுடறேங்க."

ஒரு ஸ்டேஷன் தூரம்கூட நாங்கள் ரயிலில் போகவில்லை. அபராதம்: ஆயிரத்து நாற்பது ரூபாய்.