வக்கீல் எழுதிய ஒற்றை வரி

என் தம்பியை வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். சட்டம் படித்தவன் இல்லை. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற வேலை. பேச்சுதான் வக்கீல் பேச்சு. யார் மேலாவது கோபம் என்றால் எதிரில் உட்காரவைத்து, ஆதியிலிருந்து ஒவ்வொரு தப்பாக எடுத்து வைப்பான். நடுவில் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு குரல் இறங்கும், முகம் மாறும். அந்தக் கடைசிக்காகத்தான் மற்றதைப் பொறுத்துக்கொள்வோம்.

நான் எட்டாவதோடு நின்றவள். சட்டைக் கம்பெனியில் தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கழுத்தில் அட்டை மாட்டி வேலைக்குப் போனவன் அவன். அந்த அட்டையின் நாடாவை நான் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பேன்.

"அக்கா, இதையெல்லாம் யாராவது இஸ்திரி போடுவாங்களா?"

"யாரும் போடலன்னா என்னடா? சுருங்கித்தானே கிடக்கு."

அவன் மனைவி சின்ன வயசிலேயே இறந்துவிட்டாள். ஒரே மகள், வெளியூரில் வேலை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பேச்சு அறுந்தது. பிறகு அவன் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்தார்கள். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அழுதுகொண்டே திரும்பிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் தனக்கென்று ஒரு புரோகிராம் எழுதினான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி என்டரை அழுத்தினால், அது பேச்சாக மாறி, யாருக்கு வேண்டுமோ அவர்கள் போனுக்குப் போகும். மருந்துக்கடைக்குப் போகும். அடுப்படியில் நிற்கும் எனக்கும் வரும். "அக்கா, காபியில சர்க்கரை இல்ல. நேத்தும் இல்ல."

"மெஷின் தொண்டையிலயும் அதே வக்கீல்தான்டா நீ!" என்றேன். சத்தமில்லாமல் குலுங்கினான்.

ஆனால் அந்தக் குரலை அவன் கேட்கவே மாட்டான். நான் போனில் போட்டால் காதைப் பொத்திக்கொள்வான். அது தன்னுடையது இல்லையாம்.

கட்டி மறுபடி தலைகாட்டியது. ஒருநாள் காலையில் மகளுக்கு எழுத உட்கார்ந்தான். என்டரே அழுத்தாமல் ஒரே வரியாகத் தட்டிக்கொண்டே போனான். திரை நிரம்பியது.

"கொஞ்சம் கொஞ்சமா அனுப்பேன்டா."

உதட்டை அசைத்தான். அதைப் படிக்க எனக்குப் பழகியிருந்தது. "நடுவுல அவ ஏதாவது பதில் போட்டா எனக்குக் கோபம் வந்துடும். முழுசா கேக்கட்டும்."

அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் உள்ளது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். மதியம் தட்டி முடித்து, திரையிலேயே மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்து அனுப்பினான். "பசிக்குது" என்றான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான்.

அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கான குறி சாயங்காலமே போனில் வந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"நான் பேசிப் பாக்கறேன்டா."

என் கையைப் பிடித்து அழுத்தினான். "வேணாம். எல்லாம் சொல்லிட்டேன்க்கா. அதைக் கேட்டும் மனசு இளகலன்னா, அவகிட்ட கேக்க எனக்கு ஒண்ணுமில்ல."

மழைக்காலம் முடியுமுன் போய்விட்டான். கடைசி வரை போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானதும் மகள் தன் போனை என் முன்னால் வைத்தாள். "கேளுங்க அத்தை. சாகப்போறப்பக்கூட என்னை மன்னிக்கல."

மெஷின் குரல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய், எடுக்காத போன், கல்யாணம். "உன் கல்யாணத்தை அடுத்த வீட்டுக்காரர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு நான்"

அதோடு நின்றது.

"இது முடியலம்மா. உங்கப்பா இப்படி முடிக்கிற ஆளில்ல."

"கோபத்துல பாதியில நிறுத்திட்டார்னு நெனச்சேன்."

ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கிப்போக அவனோடு வேலை பார்த்த தாடிக்காரர் வந்தபோது காட்டினோம். வெகுநேரம் எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

"அந்தக் கறுப்புத் திரையில ஒரு வரிக்கு ஒரு அளவு உண்டுக்கா. நாலாயிரத்துச் சொச்சம் இடம். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு இடம் போதும். தமிழுக்கு ஒவ்வொண்ணும் மூணு எடுக்கும். காலு, கொம்பு, புள்ளி எல்லாத்துக்கும் தனித்தனியா. சீக்கிரம் ரொம்பிடும். அதுக்கப்புறம் தட்டறது திரையில தெரியும், புரோகிராமுக்குப் போகாது."

"ரொம்பிடுச்சுன்னு சொல்லாதா?"

"சொல்லாதுக்கா."

"அவனுக்குத் தெரியாதா இது?"

"தெரிஞ்சிருக்கும். ஆனா காபி, மருந்துன்னு சின்னச் சின்னதா பேசத்தானே எழுதினார்? இவ்வளவு நீளமா ஒரு வரி வரும்னு அவரே நெனச்சிருக்க மாட்டார்."

"மிச்சம் எங்கதான் போச்சு?"

"எங்கயும் இல்லக்கா. திரையை மூடினதோட போச்சு."

அவர் போன பிறகு அவள் என் மடியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதிர்லதானே இருந்தீங்க? ஒரு வார்த்தைகூடவா பாக்கல? நீங்களா ஏதாவது சொல்லுங்க அத்தை. பொய்யா இருந்தாலும் சரி."

அவன் வார்த்தையை நான் எப்படி இட்டுக்கட்டுவேன்? எனக்கு வரவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நான் பதில் போடலன்னு அப்பா ஏதாவது சொன்னாரா?"

"சொன்னான். வேலையில மறந்திருப்பா, பாவம், தானா வருவான்னு சொன்னான்."

என் முகத்தையே பார்த்தாள். நான் பார்வையை எடுக்கவில்லை. மெதுவாகத் தலையாட்டிவிட்டு, அவன் படுத்திருந்த கட்டிலின் விரிப்பை உருவி மடிக்கத் தொடங்கினாள்.