மக்காச்சோளம் காயும் வரை

எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. சொன்னவுடன் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் வெளியில் அதிகம் சொல்வதில்லை. சுக்கு அரைத்துப் பற்றுப் போடு, எண்ணெய் தேய்த்துக் குளி, செல்போனைத் தூக்கிப் போடு. எல்லாம் செய்து பார்த்தாயிற்று. இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் துடிப்பாகத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, பக்கத்து வீட்டு மிக்சி ஆகவே ஆகாது. கதவைச் சாத்தி, ஈரத்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன்.

நான் வேலை பார்ப்பது பழங்காநத்தத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். மெஷின் சூடாகக் கூடாதென்று உள்ளே எப்போதும் மார்கழி மாதமாகவே வைத்திருப்பார்கள். டீ குடிக்க வெளியே வந்தால் சித்திரை. அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டும்போதே சில நாள் தலை பிடித்துக்கொள்ளும். ஆனால் வெயிலைவிட மோசம் மழைக்கு முந்தின புழுக்கம். காற்று நின்று, ஒரு இலை அசையாமல், பழங்காநத்தத்தில் எல்லோரும் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடக்கும் நேரத்தில் என் புருவம் துடிக்கும். டாக்டரிடம் கேட்டேன்.

"சில பேருக்கு அப்படி உண்டும்மா. சூடு, குளிர், காத்தழுத்தம் மாறினா வரும். ஆனா தலை வலிச்சாலே மழை வரும்னு அர்த்தம் இல்ல" என்றார்.

இந்தக் கடைசி வரியை என் அண்ணனுக்குப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை.

அண்ணன், பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில், பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறவர். தையில் கதிர் அறுத்து, மெஷினில் அடித்து, மணியைத் தார்ரோட்டில் பரப்பிக் காயவைப்பார்கள். காய்கிற நேரத்தில் மழை விழுந்தால் மணி கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருஷம் அப்படிக் காய்ந்துகொண்டிருந்தபோது, ஏதோ பேசப் போனில் கூப்பிட்ட அண்ணனிடம், "பேச முடியலண்ணே, தலைவலி உசுரு போகுது" என்றேன். அங்கே வானம் வெளுத்துக் கிடந்ததாம். மத்தியானம் கொட்டித் தீர்த்துவிட்டது. அவ்வளவுதான். அதிலிருந்து அறுப்புக் காலத்தில் தினமும் காலையில் போன் வந்துவிடும்.

"ஏத்தா, தலை எப்படி இருக்கு?"

"வலிக்குதுண்ணே."

"எம்புட்டு?"

"கண்ணத் தொறக்க முடியல."

"அப்ப மூடிர்றேன்."

போனை வைக்கும் முன்பே, பக்கத்தில் காயப்போட்டிருக்கிறவர்களைப் பார்த்து அவர் கத்துவது கேட்கும். "ஏப்பா, தங்கச்சிக்குத் தலை வலிக்குதாம்! தார்ப்பாய இழுங்க!"

முகம் தெரியாத ஆட்களெல்லாம் என் தலையை நம்பிச் சோளத்தை மூடினார்கள். மூடிவிட்டு வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களும் நிறைய உண்டு. அவற்றை யாரும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவனியாபுரத்தில் பைக் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் வீட்டுக்காரர்தான் கிண்டலடிப்பார். "பழங்காநத்தத்துல தலை வலிச்சா பேரையூர்ல மழை பெய்யுமாக்கும்!" எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த பிறகு பிறந்த வீட்டு வெள்ளாமைக்கு என்னால் ஆன ஒரே உதவி இதுதானே.

போன கார்த்திகையில் டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதினார். வலி வந்த பிறகு போடுவது அல்ல, வராமல் தடுக்க தினமும் போடுவது. போடப் போட, சில வாரங்களில் வித்தியாசம் தெரியும் என்றார். வாங்கி வந்து பீரோவில் வைத்தேன். மார்கழியில் வீட்டுக்காரரோடு மறுபடி போனபோது, "மாத்திரை கேக்குதா?" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கல டாக்டர்."

"ஏன்?"

"தையில எங்கண்ணன் மக்காச்சோளம் காயப்போடுவாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்கும் தெரியாது. அந்த மாதம் காலைப் பனியும் பகல் வெயிலும் மாறி மாறி அடித்ததில், பாதி நாள் நான் வேலைக்குப் போகாமல் இருட்டறையில் கிடந்தேன். கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து அவர்தான் சமைத்துக்கொண்டிருந்தார். வண்டியில் திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டார்.

"மச்சான், ஒங்க தங்கச்சி பாத்திருக்க வேலையக் கேளுங்க."

மறுநாள் காலையில் அண்ணன் பஸ் பிடித்து வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை.

"மாத்திரை எங்க?"

"கொஞ்ச நாள்தானண்ணே. அறுப்பு முடிஞ்சிரட்டும்..."

"ஏ கிறுக்கி! சோளம் நனைஞ்சா நனையுது. அதுக்காக ஒன்னைய வலியில கெடக்கச் சொன்னேனா?" சத்தமாக ஆரம்பித்தவருக்குக் குரல் கம்மிவிட்டது. "நானும் தெனம் காலையில எம்புட்டு வலிக்குது, எம்புட்டு வலிக்குதுன்னு கேட்டிருக்கேன் பாரு. எனக்கெல்லாம் அறிவு இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, தண்ணி கொண்டாங்க" என்றார். நான் விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். வாயைத் திறந்து காட்டச் சொல்லாததுதான் பாக்கி.

தை வந்தது. காலையில் போன் வரும்; ஆனால் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு முடிந்துவிடும். சோளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "அத நாங்க பாத்துக்கிறோம், நீ ஒன் சோலியப் பாரு" என்பார். தலைக்குள் வலி மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வந்தாலும் நின்றுகொண்டே சமாளிக்கிற அளவுக்குக் குறைந்திருந்தது.

தை கடைசியில் ஒரு மத்தியானம் ஸ்கேன் சென்டரிலிருந்து டீ குடிக்க வெளியே வந்தேன். ரோடெல்லாம் ஈரம். மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மழை வந்து எனக்குப் பழக்கமில்லை. ஷேர் ஆட்டோக்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. மண்வாசனை மூக்கில் ஏறியது, குமட்டவில்லை. எல்லோரையும் போல நானும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். பிறகுதான் தார்ரோட்டில் கிடக்கும் சோளம் ஞாபகம் வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போன் போட்டேன்.

"அண்ணே, அங்கயும் மழையா?"

"ஆமாத்தா. நல்ல மழை."

"சோளம்?"

"பாதிய அள்ளிட்டோம். பாதி நனைஞ்சு போச்சு." பின்னால் மதினி யாரையோ ஏசிக்கொண்டே தண்ணீரை வழித்துத் தள்ளும் சத்தம் கேட்டது. "ஐயோண்ணே" என்றேன்.

"அது கெடக்கு. ஒனக்குத் தலை வலிச்சுச்சா?"

"இல்லண்ணே."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போல. மழைச் சத்தத்துக்கு மேலே, தார்ப்பாய் இழுக்கச் சொல்லும் அதே பழைய குரலில் அண்ணன் ரோட்டைப் பார்த்துக் கத்துவது கேட்டது.

"ஏப்பா, தங்கச்சிக்குத் தலை வலிக்கலையாம்!"