இரண்டு பஸ்களுக்கு நடுவே

போன வாரம் பேத்திக்குச் சளி. குன்றத்தூர் வீட்டுச் சமையலறையில் என் மகள் ஒரு பாட்டில் மூடியைத் திருகினாள். ஸ்ட்ராபெர்ரி வாசனை கூடம் வரை வந்துவிட்டது. குழந்தை வளர்த்த எல்லோருக்கும் அந்த ரோஸ் நிறச் சளி மருந்தைத் தெரிந்திருக்கும். சட்டையில் ஒரு சொட்டு பட்டால் நாலு தடவை துவைத்தாலும் போகாது. மகள் அளவு மூடியில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இத குடுத்தா தூங்கிடுவாளா? எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

"வேணாம், கீழ வை!" என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டுபோனாள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சளிக்கு மருந்து எழுதியே சோறு தின்றவன், ஒரு மூடி சளி மருந்துக்கு இப்படிக் கத்தினால் யார்தான் மிரள மாட்டார்கள்? காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. பெற்ற மகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லலாம்.

பதினைந்து, பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரகடம் கூட்ரோடுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கிளினிக் இருந்தது. காலையில் ஒரு கம்பெனியின் மருத்துவ அறையில் உட்கார்ந்திருப்பேன். விரல் நசுங்கியவர்கள், கண்ணில் இரும்புத் தூள் விழுந்தவர்கள், 'கிர்ருன்னு வருது சார்' என்று லைனிலிருந்து கைத்தாங்கலாக வருகிறவர்கள். மதியம் ஒன்றரைக்குச் சொந்தக் கடையைத் திறந்துவிடுவேன். கடை என்றுதான் என் மனைவி சொல்வாள். முன்னால் டீசல் புகை, பக்கத்தில் பரோட்டாக் கல், உள்ளே டெட்டால். இந்த மூன்றும் சேர்ந்த வாசனையோடுதான் தினமும் வீட்டுக்குப் போவேன். கம்பெனி பஸ்கள் நிற்பது என் வாசலுக்கு நேர் எதிரே. எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்கு மனப்பாடம். பஸ் வந்தால்தானே எனக்குக் கூட்டம்!

அந்த நிறுத்தத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கணவன் மனைவி இரண்டு பேரும் கம்பெனி வேலை. ஒருவர் ஏ ஷிப்ட், இன்னொருவர் பி ஷிப்ட், அடுத்த வாரம் மாற்றி. ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்க, மற்றவர் ஏற, குழந்தை ரோட்டோரத்திலேயே கை மாறும். 'புள்ளைக்கும் ஷிப்ட் சேஞ்சுப்பா' என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே கம்பெனி என்றால் இது நடக்கும். வேறு வேறு கம்பெனி என்றால் பஸ் நேரம் ஒத்து வராது.

கோமதிக்கும் ஏழுமலைக்கும் ஒத்து வரவில்லை. ஏழுமலை வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். கார் சீட் தைக்கும் கம்பெனியில் இருந்தான். கோமதி சார்ஜர் செய்யும் கம்பெனி. கூட்ரோடுக்குப் பின்னால் ஷீட் போட்ட வரிசை ரூம்களில் ஒன்றில் குடியிருந்தார்கள். இவர்களுக்கு வாராவாரம் ஷிப்ட் மாறுவதும் இல்லை. அவள் பஸ் ரெண்டரைக்கு. அவன் வந்து இறங்குவது மூன்று பத்துக்கு. நடுவில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்கு கோமதி கண்டுபிடித்த வழி என் கிளினிக். மகள் தர்ஷினி பெயருக்கு ஒரு டோக்கன் போடுவாள், பெஞ்சில் உட்கார வைப்பாள், பஸ் ஏறிவிடுவாள். டோக்கன் கையில் இருக்கிற பிள்ளையை யாரும் எழுப்பிவிட முடியாது அல்லவா? அவளுடைய முறை வரும்போது கிரிஜா சிஸ்டர் அந்த நம்பரைக் கூப்பிடாமல் தாண்டிவிடுவார். இரண்டு பேருக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

தர்ஷினிக்கு நாலு வயது. வாய் ஓயாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் போய், "ஒனுக்கு ஊசியா, மாத்திரையா?" என்று விசாரிப்பாள். ஊசி என்றால் துக்கம் கேட்பாள். நிஜமாகவே சளிக் காய்ச்சல் வந்து ஒருநாள் அவளுக்கே ஊசி போட்டபோது கூட்ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு அழுகை. ஒரு பெயின்டர், "நான் நாளைக்கி வர்றேன் சார்" என்று எழுந்து போய்விட்டார். அன்றைக்குத்தான் அந்த ரோஸ் மருந்தை எழுதிக் கொடுத்து, பயந்திருந்த கோமதியிடம் சொன்னேன்: "ஒரு மூடி குடும்மா. நல்லா தூங்கிடுவா, பயப்படாத."

வழி ஒன்று கிடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? மற்றவர்களும் பிள்ளைகளுக்கு டோக்கன் போட ஆரம்பித்தார்கள். ஒரு மதியம் ஐந்து பிள்ளைகள். அதே பெஞ்சின் மறுகோடியில் உடம்பெல்லாம் அம்மை போட்ட ஒரு ஆள். "இது கிளினிக்கா, பால்வாடியா?" என்று கிரிஜா சிஸ்டரிடம் எகிறினேன். மறுநாளே போர்டு எழுதி மாட்டச் சொன்னேன்: 'பெரியவர் துணையின்றிக் குழந்தைகளை விட்டுச் செல்லக் கூடாது.' அம்மை தொற்றும் என்பது உண்மை. ஆனால் என் எரிச்சலுக்குக் காரணம் அதுவல்ல. இலவசமாக என் இடத்தை எடுத்துக்கொள்கிறார்களே என்ற கடுப்பு. அதற்கு மருத்துவக் காரணம் ஒன்று தோதாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது: மைக். கம்பெனிகளில் பாதுகாப்பு வாரம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். மன அழுத்தம், மன நலம், பிள்ளை வளர்ப்பு என்று கேன்டீன் ஹாலில் படம் போட்டுப் பேசுவேன். பரிவு என்ற சொல்லை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளையோடு எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பது முக்கியமில்லை, எப்படி இருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்பேன். முன்வரிசை எச்.ஆர். தலையாட்டும். பின்வரிசை தூங்கும். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்? என் மகள் அப்போது எட்டாவது. நான் வீடு போகும்போது தூங்கியிருப்பாள். எதற்காக அழுவாள், யாரிடம் அழுவாள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

போர்டு மாட்டிய சில வாரத்தில் கோமதியின் கம்பெனியில் பேசினேன். கேள்வி இருக்கிறதா என்றேன். நீலச் சட்டைக் கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது.

"சார், என் பஸ்ஸு ரெண்டரைக்கு. எங்க வூட்டுக்காரரு பஸ்ஸு மூணு பத்துக்கு வருது. நடுவுல கீற நாப்பது நிமிசத்துக்குப் புள்ளய இன்னா பண்றது?"

அவள்தான். போர்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜோக் அடித்தேன். "அதுக்கு மருந்து என்கிட்ட இல்லம்மா, உங்க எச்.ஆர். கிட்டதான் இருக்கு." ஹால் முழுக்கச் சிரிப்பு. எச்.ஆரும் சிரித்தார். அவளும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஆனால் மருந்து என்னிடம்தான் இருந்தது. அடுத்த வாரமே வந்து வாங்கிப் போனாள். "சளி மருந்து தீந்து போச்சு சார்." எழுதினேன். பத்து நாளில் மறுபடி. "மூக்கு ஒழுகுதா?" "ஒழுகுது சார்." எழுதினேன். மூன்றாவது தடவை பிள்ளை என் மேஜைக்கு எதிரிலேயே நின்றது. மூக்கு காய்ந்துதான் இருந்தது. பார்த்தேனா? பார்த்தேன். வெளியே பதினெட்டு டோக்கன் காத்திருந்தது. எழுதினேன்.

அது வைகாசி. கோமதி ரெண்டே காலுக்கு மருந்தைக் கொடுத்து, பிள்ளையைப் பாயில் படுக்க வைத்து, வெளியே பூட்டி, சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தினமும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நாற்பது நிமிடம்தானே, தூங்கிவிடுவாள். அன்றைக்கு ஏழுமலைக்குப் பதில் ஆள் வரவில்லை. "ரிலீவர் வர்லப்பா, ரெண்டு மணி நேரம் ஓட்டிக் குடு" என்று சூப்பர்வைசர் நிறுத்திவிட்டார். செல்போன் லாக்கரில். அக்கம் பக்கத்து ரூம்கள் எல்லாம் ஷிப்டில்.

ஐந்தரை மணிக்கு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். உடம்பு கொதித்தது. உதடு வெடித்திருந்தது. கவுன் நனைந்து, அப்படியே காய்ந்துபோயிருந்தது. வலது கையில் மூன்று விரல்களில் நகம் பிய்ந்திருந்தது.

"தொறக்க சொல்ல சத்தமே இல்ல சார். தூங்கிகினு கீறான்னு நெனச்சேன். கதவுக்குப் பின்னாலயே குந்திகினு இருந்தா சார்."

டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. நரம்பு சிக்கவில்லை. இரண்டு தடவை குத்தினேன். அவள் அழவில்லை. மூன்றாவது தடவை ஏறியது. அப்போதும் அழவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சமத்து!" என்றேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். மணிக்கணக்கில் அழுது பார்த்து, யாரும் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளையை, படித்த டாக்டர் சமத்து என்றேன்.

மருந்து விஷயம் தெரிந்ததும் ஏழுமலையைப் பிடித்துக் கத்தினேன். "மருந்து குடுத்துப் பூட்டிட்டுப் போவீங்களா? நீங்கல்லாம் எதுக்குப் புள்ள பெத்துக்கிறீங்க?" அவன் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கிரிஜா சிஸ்டர் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்குப் பஞ்சை வைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "போர்டு மாட்டச் சொன்னது நீங்க சார். சீட்டு எழுதினதும் நீங்கதான்."

போர்டை அன்றே கழற்றினேன். கருணையில் அல்ல, ரோஷத்தில். இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் விரல் கட்டுப் பிரிக்க கோமதி கூட்டி வந்தாள். ரெண்டு மணி இருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. மருந்துத் தண்ணீர் விட்டு மெல்ல இழுத்தாலும் உயிர் போகிற வலி அது. தர்ஷினி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒனுக்கு ஊசியா மாத்திரையா என்று கேட்டவள் அன்றைக்கு ஒருவரையும் எதுவும் கேட்கவில்லை.

"வலிச்சா அழு கண்ணு. அழலாம், தப்பில்ல" என்றேன்.

அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, ரகசியம் போலச் சொன்னாள்: "அம்மா பஸ் ஏறட்டும்."

எனக்குப் புரியவில்லை. கோமதிதான் சொன்னாள். "நான் கெளம்ப சொல்ல அழுதான்னா அங்க போயி லைன்ல எனக்குக் கையே ஓடாது சார். பீஸு ரிஜெக்ட் ஆவுது. அதான், அம்மா போற வரைக்கும் அழக் கூடாது, பஸ்ஸு போனப்புறம் அழுதுக்கன்னு சொல்லி வெச்சேன். சொன்னா கேப்பா சார்."

கடைசி வார்த்தைகளில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நான் குறை சொல்ல மாட்டேன். அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

ரெண்டரைக்கு ஹாரன் கேட்டது. "இங்கியே வுட்டுட்டுப் போம்மா. தெனமும் வுடு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். தர்ஷினி பெஞ்சில் உட்கார்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் டோக்கனை நிறுத்திவிட்டு வெளியே வந்து தூக்கப் போனேன். என் கையை விலக்கிவிட்டாள். கிரிஜா சிஸ்டர் கூப்பிட்டார், அவரிடமும் போகவில்லை. மூன்று மணி தாண்டியதும் தானாகவே கவுன் நுனியால் முகத்தைத் துடைத்தாள். மூக்கையும் துடைத்தாள். ஏழுமலை இறங்கி வரும்போது சிரித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதம் அந்தப் பெஞ்சில் இருந்தாள். ஒருநாள்கூட என்னிடம் வரவில்லை. பிறகு ஏழுமலைக்கு ஓசூர் பக்கம் வேலை கிடைத்தது என்று போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கிரிஜா சிஸ்டர் கல்யாணமாகித் திருத்தணிக்குப் போனார். ரோட்டை அகலப்படுத்தியதில் என் கிளினிக்கின் பாதி போனது. மீதியை நானே காலி செய்தேன். அந்த ஷீட் ரூம்களை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே புதுக் கார்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வெயிலில் நிற்கின்றன, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி.

அவளுக்கு இப்போது இருபது வயதை ஒட்டி இருக்கும். அவளே எங்காவது ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கலாம். எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. மன்னிப்புக் கேட்கிற ஆசையெல்லாம் இல்லை; அது எனக்கான ஆறுதல், அவளுக்கு அதனால் ஒன்றுமில்லை. யாராவது பக்கத்தில் இருக்கும்போது அவள் அழுகிறாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.