அமைச்சர் பிடுங்கிய வெங்காயம்

மாம்புரியில் ஒரு தோட்டத்துக்கு நான் கூலிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பெரிய வெங்காயத்தை இனி வெளிநாட்டிலிருந்து இறக்குவதில்லை என்று அரசாங்கம் சொன்னது. நாங்களே விளைவிக்க வேண்டுமாம். இலவச விதை மூன்று மாதம் பிந்தி வந்தது. அறுவடை பார்க்க அமைச்சர் வரும் நாள் மட்டும் பிந்தவில்லை.

நாற்று விரல் நீளம் இருக்கையில் விவசாய அதிகாரி ஒரு மூட்டையோடு வந்தார். கப்பலில் வந்த வெங்காயம்.

"இதை முன்பாத்தியில நடுங்கோ. அமைச்சர் ஒண்டைப் பிடுங்குவார், படம் எடுப்பினம், அவ்வளவுதான்."

"இதில பச்சைத் தாள் இல்லையே, ஐயா?"

"அதை நீ பார்."

பக்கத்துச் சின்ன வெங்காயப் பாத்தியில் தாள் அறுத்து, ஒவ்வொரு வெங்காயத் தலையிலும் தென்னை ஈர்க்கால் குத்திவைத்தேன். உலர்ந்த மணலில் மேலோட்டமாகப் புதைத்தேன். தொட்டாலே கையோடு வரும்.

என் பயம் வேறு. சண்டை நடக்கும் வன்னியிலிருந்து படையினரின் பாஸ் இல்லாமல் வந்தவன் நான். பொலிசில் பதியவுமில்லை. அமைச்சரோடு வரும் படையினர் எல்லோருடைய அடையாள அட்டையையும் பார்ப்பார்கள்; என்னுடையதில் வன்னி விலாசம். முன்பு அப்படிப் பிடித்துக்கொண்டுபோன இருவரைப் பற்றி அதன்பிறகு யாரும் கதைக்கவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரரிடம் சொன்னேன்; முஸ்லிம் அண்ணன், 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"நானா, அமைச்சர் வாற அண்டைக்கு நான் கடற்கரைப் பக்கம் போய் நிக்கிறன்."

"நட்டவன் யாருண்டு கேட்டா நான் யாரைக் காட்டுற? ஒண்ட பயந்த மூஞ்சைப் பாத்தாலே புடிப்பானுகள். தலையைக் குனிஞ்சிட்டு நில்லு."

அமைச்சர் வரும் நாள் காலை நான் போனபோது பாத்தி முழுதும் ஈரம். தோட்டக்காரர் வழக்கம்போல் விடியுமுன் தண்ணீர் ஊற்றியிருந்தார்.

"ஊத்தாம உட மனசு வரல்ல, தம்பி."

மணல் இறுகிப் போயிருந்தது. தோண்டித் திரும்ப நட நேரமில்லை. வாகனங்கள் வந்துவிட்டன.

வரிசையாக நின்றோம். ஒரு சிப்பாய் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தான். எனக்கு முன்னால் இரண்டு பேர். அப்போது அமைச்சர் குனிந்து இழுத்தார். தாள் மட்டும் கையோடு வந்தது, நுனியில் ஈர்க்கு.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி வெளிறிப்போய் என்னைக் காட்டினார்.

"இவன்தான் நட்டவன்."

சிப்பாய் அட்டைக்குக் கையை நீட்டியபடியே நின்றுவிட்டான். அமைச்சர் என்னைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, சிங்களத்தில் ஏதோ சொன்னார். கூட்டம் கைதட்டியது. அதிகாரி தமிழில் சொன்னார்:

"எங்கட மண் தன்ர வெங்காயத்தை விடமாட்டுதாம். அவ்வளவு வளமாம்."

கமெராக்கள் மின்னின. தலையைக் குனியப் பார்த்தேன். அமைச்சர் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.

மறுநாள் பேப்பரில் என் முகம். கீழே 'தன்னிறைவு கண்ட விவசாயி'. தோட்டக்காரருக்குப் பெருமை.

"இனி ஒனக்கு அட்டை எதுக்குடா? இதக் காட்டு!"

இனி என் முகம் தெரியாத சிப்பாய் இந்தக் கரையில் இருக்க மாட்டான். எவனாவது ஒருவன் ஊரைக் கேட்பான். அன்று மத்தியானமே கருவாட்டு லொறியில், மூட்டைகளுக்கு நடுவே படுத்துச் சிலாபம் போனேன். சோதனைச் சாவடியில் லொறி நின்ற நேரம் முழுதும் மூச்சை அடக்கிக் கிடந்தேன்.

சிலாபம் சந்தையில் கப்பல் வெங்காயம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. இறக்க ஆள் வேண்டும் என்றார்கள். யாரும் அட்டை கேட்கவில்லை. முதுகைக் கொடுத்தேன். மூட்டைக்கு அடியில் முகம் தெரியாது.